புதுப்பிப்பு: ஓராண்டு உலகப் பயணம், கிளம்புகிறோம்

நானும் கணவரும் வேலையை விட்டுவிட்டு ஓராண்டு உலகம் சுற்றலாமா, சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டை என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முடிவு எடுத்தாச்சு, போகிறோம்.

வீடுதான் பெரிய கவலை. எங்களுடையது வீவக வீடு, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு. அதை முழுதாக வாடகைக்கு விட, குறைந்தது 5 ஆண்டு அதில் குடியிருந்திருக்க வேண்டும். நிரந்தரவாசிகளுக்கு அந்த அனுமதி கிடையாது. நாங்கள் குடிமக்கள், 5 ஆண்டும் முடிந்துவிட்டது. சம்பளம் நின்றால் மத்திய சேமநிதிப் பங்களிப்பும் (சம்பளத்தோடு சேரும் கட்டாயச் சேமிப்பு) நின்றுவிடும், ஆனால் வீட்டுக் கடன் தவணை நிற்காது. தவணை கட்டச் சேமநிதியின் சாதாரணக் கணக்கில் 12 மாதத்துக்கு இருப்பு போதுமா என்று உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் ராஜினாமா கடிதம் கொடுத்தோம்.

பயண வழியும் மாறியது. ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். அதனால் ஐரோப்பாவை நடுவில் வெட்டி, ஷெங்கனில் இல்லாத துருக்கியையும் ஜார்ஜியாவையும் சேர்த்தோம்.

அத்தையிடம் சொல்வதுதான் இத்தனையிலும் கஷ்டம். தேக்கா சந்தையில் வாங்கிய முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தார். சொன்னதும் கை நின்றது.

“தீபாவளிக்கு?”

“இந்தத் தடவை வர முடியாது அத்தை.”

பதிலே இல்லை. காம்புகளைத் தாளில் சுருட்டிக் கட்டினார். அப்புறம் மெதுவாக, “பருப்புப்பொடி அரைச்சுத் தரேன். வாரா வாரம் வீடியோல முகத்தைக் காட்டுங்க” என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மீதிக் கீரையை நான் உருவினேன்.