புதுப்பிப்பு: மேற்கை அளவு ஏன் மாறிக்கொண்டே இருந்தது?

ஒரே வாரத்தில் என் வலது மேற்கையின் சுற்றளவு 29, 31, 30.5 செ.மீ. என்று மூன்று விதமாகக் காட்டியதாகப் போன பதிவில் புலம்பியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. கை மாறவில்லை, நான்தான் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் அளந்திருக்கிறேன்.

இப்போது முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, தோள்பட்டையின் நுனி எலும்பிலிருந்து முழங்கை முனை வரை நீளம் பார்க்கிறேன். எனக்கு 36 செ.மீ.; சரிபாதியான 18-இல் பேனாவால் ஒரு புள்ளி. பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியின்மேல் டேப்பைச் சுற்றுகிறேன். தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. டேப் சாய்ந்தால் அளவு கூடிவிடும். பின்பக்கம் சாய்வதுதான் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்றால் தெரியும்.

அந்த 31-க்கு மட்டும் இன்னொரு காரணமும் உண்டு: உடற்பயிற்சி முடித்த கையோடு அளந்தது! தசை அப்போது சற்று வீங்கியிருக்கும். தசையை முறுக்கி எடுக்கும் அளவு வேறு கணக்கு, அதை இதோடு கலக்கவே கூடாது.

மூன்று நாள் காலையில் அளந்தேன்: 29.4, 29.5, 29.4. இடது கை 29. அது எப்போதும் சோம்பேறி.