சைக்கிள் ஹெல்மெட் உண்மையிலேயே காப்பாற்றுமா, இல்லை மனசுக்கு ஒரு தைரியம் மட்டும்தானா?

மாலைமிதி:
ஒரு வாரமாக வீட்டில் இதே பஞ்சாயத்து. மகளுக்கு 11 வயது. ஹெல்மெட் போடாமல் சைக்கிளைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். என் மைத்துனர் தினமும் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர், அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். “அது வெறும் தெர்மாகோல். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். கார் இடித்தால் என்ன பிரயோஜனம்? நெதர்லாந்தில் யார் போடுகிறார்கள்?” என்று அடுக்குகிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டை மட்டும் வேண்டாம்.

சங்கிலிக்காரன்:
சண்டை வேண்டாமென்றால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்கக் கூடாது. இறக்கத்தில் ஜல்லி கிடந்தது, முன்சக்கரம் வழுக்கித் தலைகுப்புற விழுந்தேன். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்துவிட்டது, தலையில் ஒரு கீறல் கூட இல்லை. எனக்கு வேறு ஆதாரம் வேண்டாம்.

நுரைமனிதன்:
நான் சில வருடங்கள் ஹெல்மெட் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன். விழவைத்து உடைப்பதுதான் வேலை.

சங்கிலிக்காரன் அண்ணா, தப்பித்தீர்களே, அதுவே பெரிசு. ஆனால் பிளந்த ஹெல்மெட் அவ்வளவு நல்ல சாட்சி இல்லை. தெர்மாகோல் நசுங்கினால்தான் அடியை வாங்கிக்கொள்ளும். நசுங்குவதற்கு முன்பே விரிந்து பிளந்துவிட்டால் பாதி வேலையிலேயே கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். ஒழுங்காக வேலை செய்த ஹெல்மெட்டை மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளி ஓட்டில் ஒரு சிராய்ப்பு இருக்கும், அவ்வளவுதான். ஓட்டை உரித்துவிட்டு விரலால் தடவினால் ஓர் இடம் மட்டும் வழுவழுவென்று குழிந்திருக்கும். உருண்டையாக இருந்த மணிகள் எல்லாம் அங்கே தட்டையாகப் படுத்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் முடி மாதிரி விரிசல்கள். ஒரு பெரிய அடி வாங்கிய ஹெல்மெட்டை மாற்றச் சொல்வது இதனால்தான். நசுங்கிய இடம் இரண்டாவது தடவை அதே அளவு நசுங்காது.

இப்போது மைத்துனர் சொன்ன 20 கி.மீ. கணக்குக்கு வருவோம். ஐரோப்பிய இ.என். 1078 தரப்படி, உள்ளே முடுக்கமானி (வேகம் எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்று அளக்கும் கருவி) பொருத்திய உலோகத் தலைக்கு ஹெல்மெட்டை மாட்டி, சுமார் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின்மேல் விழவிடுவார்கள். தலை வாங்கும் அதிர்ச்சி 250 ஜி-யை, அதாவது புவியீர்ப்பின் 250 மடங்கைத் தாண்டினால் தேறாது. அமெரிக்கத் தரத்தில் 2 மீட்டர், 300 ஜி. அதற்கு முன்னால் சில ஹெல்மெட்டுகளை 50 டிகிரி சூட்டில் வேகவைப்போம், சிலவற்றை உறைநிலைக்குக் கீழே வைத்து எடுப்போம். ஒன்றரை மீட்டரிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் கிட்டத்தட்ட மணிக்கு 20 கி.மீ. அது சரிதான். ஆனால் அது தலை கீழ்நோக்கி விழும் வேகம், சைக்கிள் ஓடும் வேகம் அல்ல. சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. நீங்கள் 10-ல் போனாலும் 30-ல் போனாலும் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் தலை தரையில் இறங்கும் வேகம் பெரிதாக மாறாது. நேராகக் காரிலோ மரத்திலோ மோதினால் கதையே வேறு, அதற்காக இதைச் செய்யவில்லை.

கணக்கு எளிது. ஒன்றரை மீட்டர் விழுந்த தலை 3 மில்லிமீட்டரில் நின்றால் சராசரியாக 500 ஜி. தெர்மாகோல் 15 மில்லிமீட்டர் நசுங்கி நிறுத்தினால் 100 ஜி. அந்த ஒரு விரல்கடை தூரத்துக்காகத்தான் இவ்வளவு பெரிய தொப்பியைச் சுமக்கிறோம்.

எதிர்க்காற்று:
இரும்புத் தலையை வைத்து எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். சாலைக்கு வாருங்கள். 1989-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஆய்வு ஒன்று, ஹெல்மெட் போட்டால் தலைக்காயம் 85 சதவீதம் குறையும் என்றது. இருபது வருடத்துக்கு மேல் அதையே எல்லோரும் ஒப்பித்தார்கள். 2013-இல் அமெரிக்க அரசுத் துறைகளே அந்த எண்ணைத் தங்கள் தளங்களிலிருந்து எடுத்துவிட்டன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1990 ஜூலையில் ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள், என்ன ஆயிற்று? பதின்ம வயதுப் பிள்ளைகள் பலர் சைக்கிளையே விட்டுவிட்டார்கள். இங்கிலாந்தில் இயன் வாக்கர் என்கிற ஆய்வாளர் சைக்கிளில் தூரம் அளக்கும் சென்சார் மாட்டிக்கொண்டு ஓட்டினார். ஹெல்மெட் போட்டபோது வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருக்கமாகக் கடந்தன. அந்த ஆய்வின்போது அவரை ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் இடித்தன. இரண்டு தடவையும் ஹெல்மெட் போட்டிருந்தார்.

நுரைமனிதன்:
85 பற்றி நீங்கள் சொல்வது சரி. அது ரொம்ப அதிகம். மருத்துவமனைக்கு வந்தவர்களில் ஹெல்மெட் போட்டவர், போடாதவர் என்று பிரித்துப் பார்க்கும் ஆய்வுகளில் ஒரு தொல்லை உண்டு. போடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் ஜாக்கிரதையானவர்களாக இருக்கலாம், பூங்காவில் மெதுவாக ஓட்டுகிறவர்களாக இருக்கலாம். அதற்காக எண் சுழியம் ஆகிவிடாது. ஒலிவியர், கிரைட்டன் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் 40 ஆய்வுகளை, 64,000-க்கும் மேற்பட்ட காயம்பட்டவர்களைச் சேர்த்து 2016-இல் பார்த்தார்கள். தலைக்காயத்துக்கான வாய்ப்பு ஏறக்குறைய பாதி, மோசமான தலைக்காயம் 69 சதவீதம் குறைவு. கழுத்துக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஹெல்மெட் கழுத்தை முறிக்கும் என்று ஒரு கூட்டம் கிளம்புமே, அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

வாக்கர் கதை கேட்க நன்றாக இருக்கும். 2013-இல் அதே தரவை மறுபடி அலசியவர்கள், ஒரு மீட்டருக்குள் உரசிப் போகும் வண்டிகளை மட்டும் எடுத்தால் ஹெல்மெட்டால் வித்தியாசம் இல்லை என்றார்கள். வாக்கர் 2019-இல் மறுப்பு எழுதினார். இன்னும் இழுபறிதான். எப்படியானாலும் அது விபத்து நடப்பதற்கு முந்தைய சமாச்சாரம்.

சட்டம் போட்டால் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் குறைவார்களா என்பது வேறு வழக்கு. அதில் நான் உங்கள் பக்கம். சியாட்டில் இருக்கும் கிங் கவுண்டியே 2022-இல் கட்டாயச் சட்டத்தை ரத்து செய்தது. நெதர்லாந்துக்காரர்களைக் காப்பாற்றுவது தனிப் பாதையும் மெதுவான ஓட்டமும். அங்கேயும் ரேஸ் சைக்கிள்காரர்கள் ஹெல்மெட்டோடுதான் போகிறார்கள். ஆனால் மாலைமிதி கேட்டது சட்டத்தைப் பற்றி இல்லையே! ஒரு பிள்ளையின் தலை தரையில் பட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறார்.

எங்கள் சோதனையில் உண்மையான ஓட்டை எதுவென்றால், தலை நேராக விழுவதை மட்டும் அளந்தோம். நிஜத்தில் தலை சாய்வாகப் பட்டுச் சுழலும், அந்தச் சுழற்சி மூளைக்கு ஆகாது. ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த மிப்ஸ் என்கிற வழுக்கும் உள்தகடு அதற்காகத்தான். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் இப்போது சாய்வாக இடித்துப் பார்த்தே நட்சத்திரம் கொடுக்கிறது. மைத்துனர் இதைச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

மாலைமிதி:
ரொம்ப நன்றி. அவருக்கு அப்படியே அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. இன்னொரு சந்தேகம். மகள் ஹெல்மெட்டை எப்போதும் பின்னந்தலைக்குத் தள்ளிவிடுகிறாள், நெற்றி முழுக்கத் தெரிகிறது. பரவாயில்லையா?

நுரைமனிதன்:
பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி போதும். பின்னாலிருக்கும் திருகைச் சுற்றி இறுக்குங்கள். காதைச் சுற்றி வரும் இரண்டு பட்டைகளும் காதுமடலுக்குக் கீழே சேர வேண்டும். தாடைப்பட்டையை மாட்டிவிட்டு வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்லுங்கள். அப்போது ஹெல்மெட் உச்சந்தலையைக் கொஞ்சம் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் பட்டை தளர்வு. பிறகு முன்விளிம்பைக் கையால் மேலே தள்ளிப் பாருங்கள். அப்படியே பின்னால் போனால் அளவே தப்பு, வேறு அளவு வாங்குங்கள்.

அப்புறம், சைக்கிளை விட்டு இறங்கி விளையாட ஓடும்போது கட்டாயம் கழற்றச் சொல்லுங்கள். ஏணி, கம்பி என்று ஏறும்போது ஹெல்மெட் இடுக்கில் மாட்டினால் தாடைப்பட்டை கழுத்தை இறுக்கிவிடும். சின்னப் பிள்ளைகளுக்காக, இழுத்தால் தானாக விட்டுக்கொடுக்கும் பக்கிளோடு இ.என். 1080 என்று தனித் தரமே வைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் போடுவது அநேகமாகச் சாதாரண 1078 வகையாக இருக்கும், அது விட்டுக்கொடுக்காது. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் எந்த எண் என்று பாருங்கள்.