அடைத்த சன்னல், நடுக்கூரை ஒழுகல்: லண்டன் ஜார்ஜிய வீடு

கேள்வி:
லண்டன் கிளார்க்கென்வெல்லில் ஒரு ஜார்ஜிய (இங்கிலாந்தின் ஜார்ஜ் மன்னர்கள் காலத்து, 1714-1830) வரிசை வீட்டின் மேல்மாடிக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. வரிசை வீட்டுக்கு இங்கே ‘டெரஸ்டு ஹவுஸ்’ என்று பெயர், அதைக் கேட்டதும் மொட்டைமாடி இருக்கும் என்று நம்பி வந்தவன் நான். அதுவும் இல்லை, தெருவிலிருந்து பார்த்தால் கூரையே தெரியவில்லை. எங்களுடையது முனைவீடு. தெருவைப் பார்த்த பக்கச்சுவரில் மாடிக்கு ஒரு சன்னலைச் செங்கல்லால் அடைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் சன்னல்களை எண்ணி வாங்கிய ‘சன்னல் வரி’க்குப் பயந்து அடைத்ததாம். வெளிச்சத்துக்கு என் அறையில் இருப்பதைத் திறந்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். சரிதானா? இன்னொன்று, மழை வந்தால் ஓரத்தில் ஒழுகாமல் நட்டநடுவில் ஒழுகுகிறதே, ஏன்?

பதில் 1:
இருபது வருடமாக இப்படிப்பட்ட வீடுகளில்தான் கொத்துவேலை. சன்னல் வரிக் கதை காதில் விழாத வாரம் கிடையாது. வரி இருந்தது நிஜம், 1696 முதல் 1851 வரை. அதற்காக அடைத்தவர்களும் உண்டு. ஆனால் முனைவீட்டுப் பக்கச்சுவர் என்றதுமே எனக்குச் சந்தேகம். இந்த வீடுகளில் முன்னும் பின்னும் சன்னல். கணப்பும் புகைவழியும் பெரும்பாலும் பக்கச்சுவரில் ஏறும். கடைசி வீட்டிலும் அதே கணக்குதான். அதற்காகத் தெருப்பக்கம் மொட்டையாக நிற்கலாமா? கட்டும்போதே சன்னல் வடிவில் ஒரு குழிவு விட்டுவிடுவார்கள். வெறும் அழகுக்கு.

உங்கள் அறையில் அதற்கு நேரே கணப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் திறக்கிற பேச்சையே விடுங்கள், உடைத்தால் புகைவழிக்குள் போவீர்கள். மாறாக, ஓரத்தில் நெட்டுக்கு ஒரே கோடாக இணைப்பு தெரிந்து கல்லும் வேறு நிறமாக இருந்தால், பிற்காலத்தில் அடைத்தது. எதுவானாலும், பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் வீடு இருந்தால் அனுமதி வாங்காமல் கை வைப்பது குற்றம்.

கூரை விஷயம் சுலபம். லண்டனை எரித்த 1666 பெருந்தீக்குப் பிந்தைய பயத்தில், 1707-இல் அங்கே மர இறவாரத்தை (சுவருக்கு வெளியே நீட்டும் கூரை ஓரத்தை) தடுத்தார்கள். முகப்புச் சுவரைக் கூரைக்கு மேலே எழுப்பும் வழக்கம் அப்படிப் பரவியது. அதன் பின்னால் இரண்டு சரிவுகள் உள்நோக்கி இறங்கி, நடுவில் ஈயத்தகடு போட்ட வாய்க்காலில் சேரும். அந்தத் தண்ணீர் வீட்டின் பின்பக்கம் போகவேண்டும். இலை அடைத்தால் உங்கள் தலைக்கு மேல்தான். பூச்சு வேலைக்கு சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்புச் சாந்துதான். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும், பழைய செங்கல் பொரிந்து உதிரும்.

பதில் 2:
முகப்புக்காக எதுவும் செய்வார்கள். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் பிறை வடிவில் நிற்கும் வீட்டு வரிசையான ராயல் கிரசென்டைப் (1767-1774) பின்பக்கமாகப் போய்ப் பாருங்கள். முன்னால் 30 வீடும் ஒரே அரண்மனை மாதிரி. பின்னால் ஒன்றுக்கொன்று ஒட்டாது. கட்டடக் கலைஞர் இளைய ஜான் வுட் வரைந்த முகப்பில் ஒரு துண்டை வாங்கியவர்கள், உள்ளே அவரவர் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டார்கள்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன். என் அலமாரியை நகர்த்தினால் பலகை போட்டு மூடிய கணப்பு, சன்னலுக்கு நேரே. வாய்க்காலில் ஒரு முழுப் புறாக்கூடு. எடுத்தாயிற்று, ஒழுகல் நின்றது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். “இருக்கட்டும், வருகிறவர்களிடம் வரிக்கதையே சொல்லுங்கள்” என்கிறார்.