நகரப் பூங்காக்களில் நாட்டுத் தாவரங்களை மீட்கும் பணி: களத்தில் கண்டவையும் கேட்டவையும்

களை நீக்கும் குழுவில் பணியாற்றும் ஒருவர்:

நகரப் பூங்காக்களிலும் நகரை ஒட்டிய காடுகளிலும் மண்டிக் கிடக்கும் அயல் தாவரங்களை அகற்றி, அந்தந்த மண்ணுக்குரிய நாட்டுத் தாவரங்களை மீண்டும் நிலைபெறச் செய்யும் பணியில் சில ஆண்டுகளாகத் தன்னார்வலராக ஈடுபட்டு வருகிறேன். இந்தப் பணியைப் பற்றிய சண்டை பெரும்பாலும் மரம் விழும் நாளில் நடக்கிறது. பணி தேறுமா தேறாதா என்பதோ அதற்குப் பின்வரும் ஆண்டுகளில், எதிர்ப்பாளரும் அதிகாரியும் எட்டிப் பார்க்காத காலத்தில், முடிவாகிறது. மக்கள் என்னிடம் கேட்ட கேள்விகளில் மிகக் கூர்மையானவையும் அந்தப் பிந்தைய காலத்தைப் பற்றியவையே.

ஒருநாள் காலையில் உண்ணிச்செடி (லண்டானா) என்னும் அயல் புதரை வெட்டிக்கொண்டிருந்தபோது, நடைப்பயிற்சிக்கு வந்த முதியவர் ஒருவர் நின்று, "இத்தனை பட்டாம்பூச்சிகள் வந்து தேன் குடிக்கிற செடியை ஏன் தம்பி வெட்டுகிறீர்கள்?" என்று கேட்டார். உண்ணிச்செடிப் பூவில் பட்டாம்பூச்சிகள் மொய்ப்பதை யாரும் மறுக்க முடியாது. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். வளர்ந்த பட்டாம்பூச்சி பலவகைப் பூக்களில் தேன் குடிக்கும் என்றாலும், அதன் புழு தனக்குரிய சில செடிகளின் இலையை மட்டுமே தின்னும் என்று அவரிடம் விளக்கினேன். வெந்தய வரியன் எருக்கிலும் அதன் உறவுச் செடிகளிலும் முட்டையிடுகிறது; எலுமிச்சை அழகிக்கு வில்வம், நாரத்தை போன்றவை வேண்டும். புதர் மண்டி, தரையில் வெயிலே படாமல் அச்செடிகள் அழிந்துபோன இடத்தில், பூ எவ்வளவு பூத்தாலும் அடுத்த தலைமுறை அங்கே உண்டாவதில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நீங்கள் சொல்லும் செடிகள் வளர்ந்து வரும்வரை இவை எங்கே போகும்?" என்றார்.

இந்த விவாதம் முழுவதற்கும் அச்சாணியான கேள்வி அது. அதற்கு நான் அறிந்த சிறந்த விடையை ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஜோன் பிராட்லி, எயிலீன் பிராட்லி என்னும் சகோதரிகள் 1960களிலேயே செய்து காட்டினார்கள். தாம் வசித்த பகுதியின் காட்டுத்துண்டுகளில் களைகளைக் கையால் பிடுங்கியே பழகிய அவர்கள், களை மிகுந்த இடத்தில் தொடங்கவில்லை. நாட்டுச் செடிகள் ஓரளவு நலமாக உள்ள இடத்தில் தொடங்கி, கெட்டுப்போன இடத்தை நோக்கி மெல்ல நகர்ந்தார்கள். மண்ணை இயன்றவரை கிளறாமல் விட்டார்கள். கிளற நேர்ந்த இடத்தைச் சருகால் மூடினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாட்டுச் செடிகள் தாமே முளைத்து இடம்பிடிக்கும் வேகத்தை மீறிக் களையை அகற்றக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்கள். இந்த மூன்றாவது நெறிதான் எங்களைப் போன்ற குழுக்களுக்குக் கசக்கிறது. ஒரே வார இறுதியில் ஓர் ஏக்கரை மொட்டையடித்து, முன்பும் பின்பும் எடுத்த படங்களை அருகருகே வைத்துக் காட்டும் ஆசை எல்லாக் குழுவினருக்கும் உண்டு. நன்கொடை தருபவர்களும் அந்தப் படங்களைத்தான் கேட்கிறார்கள்.

அவசரத்தின் விளைவை உண்ணிச்செடியே காட்டிக்கொடுத்துவிடும். தரைக்கு மேலே வெட்டினால் தூரிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கிறது. இயந்திரத்தால் வேரோடு பெயர்த்தால், புரண்ட மண்ணில் உறங்கிக் கிடந்த விதைகள் எல்லாம் வெயில் கண்டு முளைக்கின்றன. டெல்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூழலியலாளர் சி. ஆர். பாபுவும் அவருடைய குழுவினரும் வகுத்த முறை இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும்; மண்ணும் அதிகம் கிளறப்படுவதில்லை, துளிர்க்கும் பகுதியும் தரையில் எஞ்சுவதில்லை. அதோடு வேலை முடிந்துவிடாது. சின்னான்களும் மைனாக்களும் பழத்தைத் தின்றுவிட்டு வந்து அமரும் மரங்களின் அடியில் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் புதிய நாற்றுகள் முளைக்கும்; அவற்றைத் தேடிப் பிடுங்க வேண்டும். அந்த வேலைக்கு ஆள் சேர்ப்பதுதான் பெரும்பாடு. மரம் வெட்டும் நாளில் திரளும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கினர்கூட நாற்றுப் பிடுங்க வருவதில்லை.

பறவைகளைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் ஒருவர்:

மேலே எழுதிய நண்பரிடம் முதியவர் கேட்ட கேள்வியைப் பறவைகளின் பக்கத்திலிருந்தும் கேட்க வேண்டும். நாட்டுத் தாவரங்கள் வேண்டும் என்ற கட்சியில்தான் நானும் இருக்கிறேன். வாஷிங்டன் நகரை ஒட்டிய குடியிருப்புத் தோட்டங்களில் கரோலினா சிக்கடி என்னும் சிறு பறவையைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வு எனக்குப் பல ஐயங்களைத் தீர்த்தது. அந்தப் பறவை தன் குஞ்சுகளை முக்கியமாகப் புழுக்களைக் கொண்டே வளர்க்கிறது. தோட்டத்தின் தாவரத் தொகுதியில் நாட்டு வகைகள் 70 விழுக்காட்டுக்குக் குறைந்த இடங்களில், இறப்பை ஈடுசெய்யும் அளவுக்கு அதனால் குஞ்சு பொரித்து வளர்க்க முடியவில்லை. மரங்கள் பச்சைப்பசேலென்று நின்றாலும் புழு இல்லாவிட்டால் அது பறவைக்குப் பட்டினி நிலம்தான்.

இதே கட்சியைச் சேர்ந்தவர்கள் சிலரோடு எனக்கு நேர்ந்த உரையாடல் ஒன்றையும் சொல்ல வேண்டும். வெட்டுவதற்காக வண்ணம் பூசிக் குறியிட்டிருந்த தைல மரங்களுள் மிக உயரமான ஒன்றில் கழுகு கூடு கட்டியிருந்தது. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரிடம் அதைச் சுட்டிக்காட்டியபோது, அவர் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மரம் பட்டியலில் இருக்கிறது சார், கூடு பட்டியலில் இல்லையே" என்றார். அவர் நக்கலாகச் சொல்லவில்லை. அவருக்குத் தரப்பட்ட தாளில் தாவர இனங்களின் பெயர்களும் மரங்களின் சுற்றளவும் மட்டுமே இருந்தன. பெரிய வல்லூறுகளுக்கும் கழுகுகளுக்கும் மரம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்ற கவலை இல்லை; உயரமும் விரிந்த கவைகளும் இருந்தால் போதும். சிங்கப்பூரில் கைவிடப்பட்ட நிலங்களில் தானாக வளர்ந்த அல்பீசியா மரங்கள் அந்த மண்ணுக்கு அயலானவை. ஆனாலும் அங்குள்ள கொண்டைக் கழுகுகள் அவற்றில் விரும்பிக் கூடு கட்டுகின்றன. கலிபோர்னியக் கடற்கரையில் மொனார்க் பட்டாம்பூச்சிகள் குளிர்காலத்தைக் கழிக்கக் கூட்டங்கூட்டமாகத் தங்கும் தோப்புகளில் பலவும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தைல மரத் தோப்புகளே.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நடந்தது இதைவிடக் கடினமான பாடம். அயல் கோரைப் புல் ஒன்று உள்ளூர்ப் புல்லோடு கலந்து உருவான கலப்பினம் சேற்றுத் திட்டுகளை மூடிக்கொண்டு பரவியதால், அதை அகற்றத் தொடங்கினார்கள். அழியும் நிலையிலிருந்த ரிட்ஜ்வே ரெயில் என்னும் நீர்ப்பறவை அதற்குள் அந்த உயரமான கலப்பினப் புல்லில் ஒளிந்து வாழப் பழகியிருந்தது. புல் போனதும் அதன் எண்ணிக்கை சரிந்தது. ஆகவே சில இடங்களில் அகற்றுவதை நிறுத்திவைத்து, உள்ளூர்ப் புல்லையும் செடிகளையும் நட்டு வளர்க்கும் வேலை முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. அகற்றியது தவறு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மறைவிடம் ஒன்றை எடுக்குமுன் இன்னொன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நான் சொன்ன அந்தக் கழுகு மரத்தைக் குஞ்சுகள் பறந்து செல்லும்வரை விட்டுவைத்தார்கள். அடுத்த பருவத்துக்கு அந்தக் கழுகுகள் எங்கே போகும் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது, ஏனென்றால் அங்கே நடப்பட்ட நாட்டு மரக்கன்றுகள் அந்த உயரத்தை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும்.

பூங்காவின் அருகில் வசிக்கும் ஒருவர்:

இங்கே எழுதிய இருவரும் மீட்புப் பணியை ஆதரிப்பவர்கள். நான் எங்கள் பகுதியில் அதை எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் நடத்தியவர்களுள் ஒருத்தி. எதிர்ப்பவர்கள் எல்லாரும் சூழலியல் அறியாதவர்கள் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு முதலில் கிடைத்தது மரங்களில் ஆணி அடித்துத் தொங்கவிடப்பட்ட அறிவிப்பு மட்டுமே. அதன் பிறகு கூட்டப்பட்ட கலந்தாய்வில், வெட்டிய தூர்களில் என்ன மருந்து தடவுவீர்கள் என்று கேட்டேன். "பாதுகாப்பானதுதான் அம்மா" என்று சொன்னார்களே தவிர, மருந்தின் பெயரைச் சொல்லவில்லை. கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியதும், பல நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் அதற்கு உடன்படாததும் பொதுவெளியில் உள்ள செய்திகள். தூரில் தூரிகையால் தடவுவதற்கும் புதர் முழுவதும் தெளிப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு என்பதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அதை அன்றே அவர்கள் விளக்கியிருந்தால் கூட்டத்தில் பாதிப்பேர் அமைதியாகியிருப்பார்கள்.

சிகாகோவில் இப்படித்தான் நடந்தது. தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாகப் பக்தார்ன் என்னும் அயல் புதர்களை வெட்டியும் தீயிட்டும் ஓக் மரச் சமவெளிகளையும் புல்வெளிகளையும் மீட்டுவந்தார்கள். அண்டை வீட்டார் பலருக்கு மரங்கள் சாகத் தொடங்கிய பிறகே செய்தி தெரியவந்தது. எதிர்ப்பு வலுத்து, 1996இல் சிகாகோ அடங்கிய குக் கவுண்டி மாவட்டத்தின் காப்புக் காடுகளில் பணி நிறுத்திவைக்கப்பட்டது. தடை பல ஆண்டுகள் நீடித்தது.

எது நாட்டுத் தாவரம், எந்த ஆண்டின் நிலத்தை மீட்கிறோம் என்ற கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. சான் பிரான்சிஸ்கோவின் சுட்ரோ குன்றில் இன்று நிற்கும் தைல மரக் காடு 1880களில் நடப்பட்டது. அதற்கு முன் அந்நகரின் குன்றுகள் பெரும்பாலும் புல்லும் குறும்புதரும் மணல்மேடுமாக இருந்தன. அங்கே நாட்டுத் தாவரங்களை மீட்பது என்றால் காட்டை எடுத்துவிட்டுப் புல்வெளியைக் கொண்டுவருவது. அறிவியல்படி அது சரியாகவே இருக்கலாம். பிறந்தது முதல் அந்த நிழலில் நடந்தவருக்கு அது இழப்பாகத்தான் தெரியும், அந்த உணர்வை அறியாமை என்று தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. அறிவியலாளர்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. இனங்களை அவற்றின் பிறப்பிடத்தை வைத்து எடைபோட வேண்டாம் என்று மார்க் டேவிஸும் உடன் எழுதியவர்களும் 2011இல் வாதிட்டபோது, அதை மறுத்து 141 அறிவியலாளர்கள் கையெழுத்திட்டார்கள்.

பெர்லினின் சூட்கெலேண்டே பூங்காவைப் பற்றிப் படித்தபோது வேறு வழியும் உண்டு என்று தோன்றியது. ரயில் பெட்டிகளைப் பிரித்து இணைக்கும் இடமாக இருந்து, 1952இல் கைவிடப்பட்ட தளம் அது. வட அமெரிக்க ரொபீனியா உட்பட உள்நாட்டு, வெளிநாட்டு மரங்கள் தாமாக வளர்ந்து மூடிய அந்த 18 ஹெக்டேர் நிலத்தை, 2000இல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள். சில பகுதிகளைக் காடாக வளர விட்டு, அரிய செடிகளும் பூச்சிகளும் வாழும் உலர் புல்வெளிகளை மட்டும் மரம் மூடாதபடி பராமரிக்கிறார்கள். டெல்லியின் மலைமுகட்டுக் காட்டில் சீமைக்கருவேலத்தை ஒரேயடியாக அகற்றாமல், அதன் கிளைகளைக் கழித்து வெளிச்சம் உள்ளே விழச் செய்து, அடியில் நாட்டு மரங்களை வளர்க்கும் வழியை முன்வைத்திருப்பதும் எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது. எங்கள் பூங்காவிலும் அப்படித் தொடங்கியிருந்தால் நான் கையெழுத்து வாங்க வீடுவீடாகச் சென்றிருக்க மாட்டேன்.

நாற்றங்கால் நடத்தும் ஒருவர்:

அம்மையார் எழுதியதில் எனக்கு மறுப்பு அதிகம் இல்லை. நாற்றங்காலிலிருந்து தெரியும் சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

மீட்புப் பணிக்கென்று என்னிடம் வருபவர்கள் ஏறத்தாழ எல்லாருமே மரக்கன்றுதான் கேட்கிறார்கள். புல் வேண்டும், கொடி வேண்டும், ஒருபருவச் செடிகள் வேண்டும் என்று கேட்பவர்கள் அரிது. காரணம், எத்தனை மரம் நட்டோம் என்று கணக்குக் காட்டலாம். புல்லை எப்படி எண்ணுவது? ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் பெயரால் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்றுகளை நெருக்கி நடும் முறை பரவிய பிறகு இது இன்னும் கூடிவிட்டது. அவர் அந்தந்த இடத்தின் இயற்கைக் காட்டை ஆராய்ந்து, அதன் இனங்களைத் தேர்ந்து நடச் சொன்னவர். அந்த ஆராய்ச்சிப் பகுதியை விட்டுவிட்டு நெருக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். இயல்பாகவே புல்வெளியாகவும் முட்புதராகவும் இருந்த திறந்த நிலத்தில் நாட்டு மரங்களையே அடர்த்தியாக நட்டாலும், தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கும் திறந்தவெளியில் மேயும் விலங்குகளுக்கும் அது அயல் மரம் புகுந்ததற்குச் சமம்தான்.

களை நீக்கும் நண்பர் சொன்ன வேகப் பிரச்சினை எங்களுக்கும் உண்டு. நாவல் விதையும் வேப்ப விதையும் பழம் உதிர்ந்த சில வாரங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடும். சேமித்து வைத்து வேண்டும்போது விதைக்க வழியில்லை. பணி நடக்கும் இடத்துக்கு அருகிலேயே, ஒரே மரத்தில் நிற்காமல் பல தாய்மரங்களிலிருந்து விதை சேகரித்தால்தான் கன்றுகளில் வேறுபாடு இருக்கும். அதற்கும் அந்தந்த மரம் பழுக்கும் காலத்தில் ஆள் போக வேண்டும். ஒரு கன்று நடும் பருவத்துக்கு வர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகிறது. வெட்டும் தேதியை முதலில் முடிவு செய்துவிட்டு, நடுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது கன்று கேட்டு வருபவர்களிடம் அடுத்த பழக்காலம்வரை பொறுக்கச் சொல்கிறேன். சிலர் பொறுக்கிறார்கள், மற்றவர்கள் வெறுமையாகிவிட்ட நிலத்தில் எங்கும் கிடைக்கும் அழகுச்செடிகளை வாங்கி நட்டுவிட்டு, நாட்டுத் தாவரப் பூங்கா என்று பலகை வைத்துவிடுகிறார்கள்.