தஞ்சாவூருக்குப் போகும் இசைக்காரர்களுக்கு: போய் வந்தவர்கள் சொல்வது

வீணைக்காரர்:
தஞ்சாவூரில் எனக்கு முதல் இடம் தெற்கு வீதிப் பக்கத்து வீணைப் பட்டறைகள்தான். பெரிய கோயில்கூட அப்புறம்தான். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய வீணை இது. பலா மரத்தை ஒரே கட்டையாகக் குடைந்தால் ஏகாண்டம். குடம், நீளமான தண்டி, முனையிலுள்ள யாளி முகம் என்று தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஒட்டு வாங்குகிறவர்கள் குடமும் தண்டியும் சேரும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். மரம் சரியாகக் காயாமல் வேலை நடந்திருந்தால் முதலில் விரிசல் விடுவது அங்கேதான்.

மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கம்பிகளை) மெழுகில் பதிக்கப் போகிறவர்கள் வழக்கமாகப் போடும் தந்தியையே பூட்டி, வாசிக்கும் சுருதியில் சேர்த்து எடுத்துப் போங்கள். தந்தியின் கனம் மாறினால் மெட்டின் இடமும் கொஞ்சம் நகரும். தேன்மெழுகில் கரித்தூள் கலந்த கறுப்பு மெழுகில்தான் 24 மெட்டும் உட்காருகின்றன. வேலை முடிந்ததும் ஒவ்வொரு மெட்டிலும் முதல் தந்தியான சாரணியை நன்றாக இழுத்துப் பாருங்கள். கரகரப்பு கேட்டால் அடுத்த மெட்டு தூக்கலாக இருக்கிறது. அங்கேயே சொன்னால் சூடு காட்டி அழுத்தித் தருவார்கள். திரும்பும் வழியில் வீணையைப் பூட்டிய காரில் வெயிலில் விடாதீர்கள். மெழுகு இளகி மெட்டு சாய்ந்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

மிருதங்கக்காரர்:
பெரிய கோயிலுக்குக் காலை 6 மணிக்கே போய்விடுங்கள். வெயில் ஏறினால் தரையில் கால் வைக்க முடியாது. மதியம் நடையும் சாத்திவிடுவார்கள். திருப்பதியம் (தேவாரம்) பாட 48 பிடாரர் (ஓதுவார்), உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர் என்று 50 பேரை ராஜராஜன் நியமித்த செய்தி இங்குள்ள கல்வெட்டில் இருக்கிறது. தாள வாத்தியக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வரி அது.

பரத ஆசிரியர்:
அதே கோயிலில் 108 கரணங்களில் (நடன நிலைகளில்) 81 செதுக்கியிருக்கிறார்கள். மிச்சக் கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. இந்தச் சிற்பங்கள் விமானத்தின் மேல்தளத்துக்குள் இருப்பதால் பொதுவாக எல்லோரையும் விடுவதில்லை. அதை நம்பி மாணவிகளை அழைத்துப் போகாதீர்கள். பதிலாக மேல வீதிக்கு நடங்கள். பரதக் கச்சேரியில் அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான வரிசையை ஒழுங்குபடுத்திய நான்கு சகோதரர்களான தஞ்சை நால்வரின் வீடு அங்கே இருக்கிறது. பங்காரு காமாட்சி கோயிலும் அதே வீதிதான். கீர்த்தனைகள் இயற்றிய சியாமா சாஸ்திரி பூசை செய்த அம்பாள் அவள். அவருடைய பைரவி ஸ்வரஜதி தெரிந்தவர்கள் அந்தச் சந்நிதியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.

வாய்ப்பாட்டுக்காரர்:
திருவையாறு 13 கிலோமீட்டர்தான், பஸ் அடிக்கடி உண்டு. அங்கே நடக்கும் தியாகராஜர் ஆராதனை தை மாதத்தையொட்டி, புஷ்ய பகுள (தேய்பிறை) பஞ்சமியில் வரும். அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாட நினைத்தால் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ராகங்களில் உள்ள ஐந்தும் சரணம் சரணமாக ஸ்வரத்தோடு மனப்பாடம் இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் புத்தகம் புரட்ட நேரம் கிடைக்காது. பலர் தடுமாறுவது கௌளையிலும் வராளியிலும்தான், அவற்றுக்குக் கூடுதல் சாதகம் செய்யுங்கள். தியாகராஜர் சமாதியில் நிதானமாக உட்கார்ந்து பாட வேண்டும் என்றால் ஆராதனை நாட்களை விட்டுச் சாதாரண நாளில் விடியற்காலையில் போங்கள்.