கப்பல் புறப்படும் நாளிலேயே விமானம்: காப்பீடு போதுமா?

கேள்வி:
வணக்கம். சனவரியில் ஒரு ஞாயிறு மாலை 4 மணிக்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து கரீபியன் தீவுகளுக்குக் கப்பல் ஏறுகிறோம். அன்று காலை 6 மணிக்குச் சிகாகோ ஓஹேரிலிருந்து விமானம். பனிப்புயலால் அது ரத்தானால் பயணக் காப்பீடு கைகொடுக்குமா?

பதில் 1:
காப்பீடு பணத்தைத்தான் திருப்பித் தரும்; கப்பலை நிறுத்தி வைக்காது. பனி பெய்து ஓய்ந்த காலையில்கூட, இறக்கைகளில் உறைந்ததைக் கரைக்கும் ஆரஞ்சு நிறத் திரவம் சன்னலில் வழிவதைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் ஓடுபாதைக்கு வெளியே காத்திருந்திருக்கிறேன். முந்தைய நாளே போய்விடுங்கள்.

பதில் 2:
காப்பீட்டை இன்றே வாங்குங்கள். புயல் எச்சரிக்கை வெளிவந்த பின் வாங்கினால், அது முன்னரே தெரிந்த நிகழ்வு என்று கூறி அந்தப் புயலால் நேரும் இழப்பை ஏற்க மறுப்பார்கள். எத்தனை மணி நேரத் தாமதத்திற்குப் பிறகு இழப்பீடு கிடைக்கும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். அந்த வரியை அவசியம் படியுங்கள். தாமதத்தின் காரணத்தை விமான நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இன்னொன்று: புறப்பட்ட அமெரிக்கத் துறைமுகத்துக்கே திரும்பும் கப்பலில் அமெரிக்கக் குடிமக்கள் பிறப்புச் சான்றிதழையும் (பெரியவர்கள் கூடவே அரசு தந்த புகைப்பட அடையாள அட்டையையும்) காட்டியே ஏறலாம் என்பதால் பலர் கடவுச்சீட்டை எடுத்து வருவதில்லை. கப்பலைத் தவறவிட்டு அடுத்த தீவுக்குப் பறந்துபோய்ப் பிடிக்க வேண்டுமென்றால், கடவுச்சீட்டு இல்லாமல் முடியாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. விமானத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். மகனின் கடவுச்சீட்டு காலாவதியாகியிருப்பதை இப்போதுதான் கவனித்தேன்.