அபே கண்டென்சர்: யார் அந்த அபே?

சளி_ஸ்லைடு:
காசநோய் ஆய்வகத்தில் 26 வருடங்களாகச் சளி பார்க்கிறேன். நுண்ணோக்கி மேடைக்கு அடியில் இருந்து ஸ்லைடின் மேல் ஒளியைக் குவிக்கும் அபே கண்டென்சரைத் தினமும் துடைக்கிறேன். பயிற்சிக்கு வந்திருக்கும் பெண், “அபே என்பது ஆளா, கம்பெனியா சார்?” என்று கேட்டாள். முழித்தேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_பௌதிகம்:
ஆள்தான். எர்ன்ஸ்ட் அபே, 1840இல் ஜெர்மனியின் ஐசனாக்கில் பிறந்தவர். யேனா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவரை 1866இல் கார்ல் ஸைஸ் தன் நுண்ணோக்கிப் பட்டறைக்கு அழைத்துக்கொண்டார். அதுவரை கைப்பழக்கமாக இருந்த லென்ஸ் வேலையை அபே கணக்காக மாற்றினார். 1884இல் கண்ணாடி வேதியியலாளர் ஓட்டோ ஷாட், ஸைஸ், அவர் மகன் ஆகியோரோடு சேர்ந்து கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கினார். 1882இல் ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் மருத்துவர் காசநோய்க் கிருமியைக் கண்டாரே, அதற்குக் கைகொடுத்தது அபேயின் கண்டென்சரும் ஸ்லைடின் மேல் எண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கும் லென்ஸும்தான். ஆக, உங்கள் பிழைப்பே அவர் போட்டது!

தூக்குப்போசி:
ஐயா கண்ணாடியோடு நிறுத்திவிட்டார். அபேயின் அப்பா நூற்பாலைத் தொழிலாளி. நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் நின்றே வேலை. மதியச் சாப்பாடு கொண்டுபோவது சிறுவன் அபே. அப்பா இயந்திரத்தில் சாய்ந்தபடியே அவசரமாக விழுங்கிவிட்டு, காலிப் பாத்திரத்தை நீட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வாராம். பின்னாளில் அபேயே மேடையில் சொன்னது இது. நானும் கோவையில் மில் கேட்டில் தூக்குப்போசியோடு நின்ற பையன்தான். எங்கள் அப்பா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார். எனக்கும் ஒரு வாய் மிச்சம் வைப்பார்.

ஸைஸ் கம்பெனியில் பங்குதாரராகி முதலாளியான பிறகும் அபே அந்தப் பாத்திரத்தை மறக்கவில்லை. 1889இல் அறக்கட்டளை நிறுவி, 1891இல் தன் பங்குகளை அதற்கே கொடுத்துவிட்டார். நிர்வாகியின் சம்பளம் தொழிலாளியின் சராசரி வருமானத்தைப் போல் பத்து மடங்கைத் தாண்டக் கூடாது என்று சாசனத்தில் எழுதினார். 1900இல் ஒன்பது மணி நேர வேலையை எட்டாகக் குறைத்தார். பிறகு 233 பேரின் கூலிக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், ஒரு மணி நேரத்துக்கு 16 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்திருந்தார்கள். செய்து முடித்த வேலையின் அளவுக்கு ஏற்பத் தரும் துண்டுக் கூலி என்பதால், அவ்வளவு வேலை கூடியிருக்கிறது என்று பொருள்.

ஒன்று மட்டும்: தயவுசெய்து அவரை ‘வள்ளல்’ என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடாதீர்கள். ஓய்வூதியத்தை முதலாளியின் கருணையாக அவர் விடவில்லை, கேட்டு வாங்கும் உரிமையாகச் சாசனத்தில் வைத்தார்.

சளி_ஸ்லைடு:
இருவருக்கும் நன்றி. அப்படியே படித்துக் காட்டினேன். பாத்திரக் கதை வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டரை, இன்னும் 14 ஸ்லைடு பாக்கி. மூடிவைத்துவிட்டு முதலில் சாப்பிடப் போகச் சொன்னேன்.